பெங்களூரு ஷெல்டர் ஊழியர்களுக்கும் ஃபாஸ்டர் வீடுகளுக்கும் பயிற்சி: எதிலிருந்து தொடங்குவது?

ராஜி_ஹலசூரு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹென்னூர் தாண்டி பாகலூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஷெல்டரில் (ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகம்) வாலண்டியர்களை ஒருங்கிணைக்கும் வேலை என்னுடையது. பெரும்பாலும் நாய்கள், ஒரு தனி அறையில் பூனைகள். இப்போது புதிதாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஃபாஸ்டர் எடுக்க, அதாவது ஷெல்டர் விலங்கைக் கொஞ்ச நாள் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள, முன்வரும் வீடுகளும் கூடியிருக்கின்றன. இரு தரப்புக்கும் விலங்கு நலத்தில் முறையான பயிற்சி கொடுக்க கமிட்டி ஒருவழியாக ஒப்புக்கொண்டது.

இதுவரை பயிற்சி என்ற பெயரில் நடந்தது ஞாயிற்றுக்கிழமை கூட்டம்தான். ஆங்கிலத்தில், ஸ்லைடு போட்டு, ஃபாஸ்டர் குடும்பங்களுக்கு மட்டும். பண்ணை விலங்குகளின் நலம் பற்றி 1965-இல் இங்கிலாந்தில் வந்த பிராம்பெல் அறிக்கை, அதிலிருந்து கிளைத்த ஐந்து சுதந்திரங்கள் எல்லாம் சொல்வார்கள். பசி தாகம் இல்லாமை, வலி நோய் இல்லாமை, பயம் இல்லாமை என்று போகும் அந்த ஐந்தும் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் கூட்டம் நடக்கும் நேரத்தில் கூண்டு கழுவுகிறவர்கள் கூண்டு கழுவிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாய் நேற்று ராத்திரி வைத்த சோற்றைத் தொடவில்லை என்பது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். டாக்டருக்கும் எனக்கும் அப்புறம்தான். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் பயிற்சியால் நாய்க்கு என்ன கிடைக்கும்?

கையில் இருப்பது இரண்டு அரை நாள். ஊழியர்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம். மற்றவர்கள் ராய்ச்சூர், கலபுரகி. அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருக்கிறது. எதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்? வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


மாணிக்கம்_போச்சம்பள்ளி எழுதியது:

வணக்கம் மேடம். கனகபுரா ரோடு பக்கம் ஒரு ஷெல்டர்ல சூப்பர்வைசரா இருக்கேன். முதல்ல கூண்டு கழுவத்தான் வந்தேன்.

ஸ்லைடு எல்லாம் அப்புறம். ஆளுங்களுக்கு முதல்ல ரேபிஸ் ஊசி போட்டுட்டு நாய் கிட்ட விடுங்க. கடிச்ச பிறகு போடுறதைச் சொல்லல, கடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு வைக்கிற ஊசி. நெறைய இடத்துல டாக்டருக்குப் போடுவாங்க, நாய் புடிக்கிறவங்களுக்குப் போடுவாங்க, கழுவுறவங்க ஞாபகம் யாருக்கும் வராது.

அடுத்தது, ஒரு விஷயம் மட்டும் வாழ்நாளுக்கும் மறக்காத மாதிரி சொல்லிக் குடுங்க. தாடை தொங்கிப்போயி, வாயை மூட முடியாம, எச்சில் ஒழுகிக்கிட்டு ஒரு மூலையில நிக்கும் நாய். கடிக்க வராது. குலைச்சாலும் குரல் மாறியிருக்கும். தண்ணி வச்சா மூஞ்சியைக் கொண்டுபோகும், முழுங்க முடியாது. பாக்கவே பாவமா இருக்கும். 'தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல'ன்னு நம்ம ஆளு நல்ல மனசோட கையை உள்ள விடுவாரு. ரேபிஸ்னா வெறி புடிச்சு தொரத்தி வந்து கடிக்கும்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. முடங்கிப்போற வகை ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்றதே இல்ல. அப்படி ஒரு நாயைப் பாத்தா கூண்டைச் சாத்து, தாப்பாளைப் போடு, டாக்டரைக் கூப்பிடு, அவரு வர்ற வரைக்கும் யாரையும் கிட்ட விடாத. எச்சில் பட்டிருந்தா மறைக்காத.

மறைக்காதன்னு ஏன் சொல்றேன்னா, கடி வாங்கினா திட்டு விழும், சம்பளத்துல புடிப்பாங்கன்னு வாயைத் திறக்காத ஆளுங்க இருக்காங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கிட்டுத் துணியைச் சுத்திக்குவாங்க. கடி வாங்கினவனைத் திட்டக் கூடாதுன்னு முதல்ல கமிட்டிக்கு ஒரு பயிற்சி குடுங்க மேடம்.


நர்ஸ்_லிங்கராஜபுரம் எழுதியது:

மாணிக்கம் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. அரசு மருத்துவமனையில் ஊசி போடும் அறையில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

முன்கூட்டியே போடும் ஊசி 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். கடிபட்டு வருகிறவர்களுக்கு அரசு மருத்துவமனையில் இலவசம். முன்கூட்டியே போடுவதற்கு ஷெல்டர் கணக்கில் பணம் ஒதுக்கி வைத்துவிடுங்கள், ஊழியர் தலையில் கட்டாதீர்கள். இதை முழுசாகப் போட்டவர் பிறகு கடிபட்டால் 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு பூஸ்டர் போதும். காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்யும் ஆயத்த எதிர்ப்புசக்தி மருந்து) அவருக்குத் தேவைப்படாது. போடாதவருக்கு ரத்தம் வரும்படி கடி விழுந்தால் அதுவும் வேண்டும், தடுப்பூசி முழு வரிசையும் வேண்டும்.

ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் காயத்தைக் கழுவியே ஆக வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிஷம். பயிற்சியில் இதை வாயால் சொல்லி விடாதீர்கள். ஒருவரைக் குழாயடியில் நிறுத்தி, கடிகாரம் பார்த்து, நிஜமாகவே 15 நிமிஷம் கழுவ வையுங்கள். அது எவ்வளவு நீண்ட நேரம் என்று அப்போதுதான் புரியும். எங்களிடம் வருபவர்களைக் கேட்டால் கழுவினேன் என்பார்கள், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கட்டுப் போட்டு இறுக்கவும் வேண்டாம்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிப்பது என்று ஒன்று உண்டு. அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. ஊசியை அன்றே தொடங்க வேண்டும். கவனிப்பு தன்பாட்டுக்கு நடக்கட்டும். குட்டிதானே கடித்தது, பூனைதானே பிறாண்டியது என்று விடுவதும் கூடாது.

மழைக்காலத்துக்கு இன்னொன்று: எலிக்காய்ச்சல். பாதிக்கப்பட்ட நாயின் சிறுநீர் வழியாகவும் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் வழியாகவும் மனிதருக்கு வரும். கால் வெடிப்போடு செருப்பில்லாமல் கூண்டு கழுவுகிறவர்களுக்கு கம்பூட் வாங்கிக் கொடுங்கள். காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி வந்து டாக்டரிடம் போனால் 'நாய் ஷெல்டரில் வேலை செய்கிறேன்' என்று சொல்லச் சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு வரி கேட்டால் டாக்டர் யோசிக்கும் திசையே மாறும்.


கணக்கு_ஜெயநகர் எழுதியது:

வேறொரு அமைப்பில் வரவு செலவு பார்க்கிறேன். கேட்க யாருக்கும் பிடிக்காது, ஆனால் யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊழியர்கள் சில மாதத்தில் போய்விடுகிறார்கள். பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் கட்டட வேலைக்கோ டெலிவரி வேலைக்கோ மாறிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் இன்னும் நாலு கூண்டு கட்டினால் நாலு நாய்க்கு இடம் கிடைக்கும். பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எது முதலில்?


மாணிக்கம்_போச்சம்பள்ளி எழுதியது:

சார், எதனால போறாங்கன்னு கேட்டிருக்கீங்களா? வந்த முதல் நாளே ஒரு மாப்பும் பக்கெட்டும் குடுத்து, குலைக்கிற நாய் இருக்குற கூண்டுக்குள்ள அனுப்புறோம். எந்த நாய் கடிக்கும், எது பயத்துல குலைக்குது, உள்ள எப்படிப் போகணும், எதுவும் சொல்றதில்ல. பயந்துக்கிட்டே எத்தனை நாளைக்கு வேலை செய்வான்?

எங்க ஷெல்டர்ல புது ஆளுக்கு இப்ப நான் முதல்ல சொல்றது இதுதான். நாய்க்கு நேரா போயி நிக்காத, பக்கவாட்டுல நில்லு. கண்ணுக்குக் கண்ணு முறைச்சுப் பாக்காத. தலைக்கு மேல கையைக் கொண்டுபோகாத. உதட்டை நக்குது, தூக்கம் வராத நேரத்துல கொட்டாவி விடுது, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஓரக்கண்ணு வெள்ளை தெரியப் பாக்குது, இதெல்லாம் 'கிட்ட வராத'ன்னு அது சொல்ற முறை. வாலை ஆட்டுனா சந்தோஷம்னு மட்டும் நெனைச்சுடாத. வால் வெறைப்பா மேல நின்னு ஆடுனா அது வேற. எல்லாத்துக்கும் மேல, குலைச்சுக்கிட்டே இருந்த நாய் திடீர்னு சத்தத்தை நிறுத்தி அசையாம நின்னா, நீயும் அப்படியே நின்னு மெதுவா பின்னால வா.

இதைச் சொல்லிக் குடுத்து ஒரு வாரம் கூடவே கூண்டுக்குள்ள போனா, ஆளு நிக்கிறான் சார். நாய்க்கும் இவனைப் பழகிடுது. பயிற்சி நடக்குற நாளுக்குச் சம்பளம் உண்டுன்னும் சொல்லுங்க. லீவு நாள்ல கூப்பிட்டு உக்கார வச்சா எவனுக்குக் காது குடுக்கத் தோணும்?


வெட்_ஹெப்பாள் எழுதியது:

கணக்கு சாரின் கேள்விக்கு ஒரு கணக்கே பதிலாகச் சொல்கிறேன். அமெரிக்க ஷெல்டர் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு அளவு இருக்கிறது. கூண்டு சுத்தம் செய்து சாப்பாடு வைக்க மட்டும் ஒரு விலங்குக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 நிமிஷம். எட்டு மணி நேரமும் ஒருவர் இதையே செய்தாலும் 32 நாய்தான். மருந்து, நடை, குளியல் எதுவும் இதில் சேராது. இங்கே ஒரு ஆள் எத்தனை நாய் பார்க்கிறார் என்று உங்களுக்கே தெரியும். ஆள் இல்லாமல் கூண்டைக் கூட்டினால் நோய்தான் கூடும்.

அதிலும் 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் திரும்ப விடாமல் ஷெல்டரில் வைக்கச் சொன்னது. சரியா தவறா என்ற வாதத்தை இந்த இழையில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷெல்டர் என்றாலே எல்லாரும் சுவரையும் கூரையையும் பேசுகிறார்கள், உள்ளே வேலை செய்யும் கையைப் பற்றிப் பேச்சே காணோம். ஒரே இடத்தில் நாய்கள் குவியும்போது முதலில் வந்து நிற்பது குடலைத் தாக்கும் பார்வோ, மூச்சையும் நரம்பையும் தாக்கும் டிஸ்டெம்பர், தொற்று இருமலான கென்னல் காஃப். தெருவில் தப்பிப் பிழைத்த குட்டி ஷெல்டரில் சாகும். என் அனுபவத்தில் மனசை அதிகம் உடைப்பது இதுதான்.

இனி ராஜி கேட்டதற்கு வருகிறேன். எனக்கு ஒரே ஒரு மணி நேரம் கொடுத்தால் துடைப்பத்தையும் பக்கெட்டையும் வைத்துக்கொண்டுதான் பாடம் எடுப்பேன்.

பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில், சில சமயம் வருஷம் வரை உயிரோடு இருக்கும். நம் ஊரில் எல்லாக் கூண்டையும் ஃபினாயில் ஊற்றித்தான் கழுவுகிறார்கள். மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை. பார்வோவை ஒழிக்க ஃபினாயிலை நம்ப முடியாது. பூனைக்கோ அது நேரடி விஷம். ஈரத் தரையில் நடந்துவிட்டு பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். ஷெல்டரில் ஃபினாயில் கேனே இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ப்ளீச் வேலை செய்யும், ஆனால் முறை இருக்கிறது. முதலில் மலத்தை அள்ளி எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அழுக்கு முழுவதும் போன பிறகுதான் ப்ளீச். அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் சக்தி அங்கேயே தீர்ந்துபோகும். ஐந்து சதவீதம் அளவு ஹைப்போகுளோரைட் உள்ள திரவ ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். 15 லிட்டர் பக்கெட்டுக்கு அரை லிட்டர். அரை லிட்டர் பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள், மனக்கணக்கு வேண்டாம். ஊற்றி 10 நிமிஷம் விட்டு, அப்புறம் கழுவித் துடைக்க வேண்டும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்று கலந்து வெயிலில் கிடந்தது இன்றைக்கு உதவாது. கழிவறை ஆசிடோடு ப்ளீச்சைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அறையில் இருக்கும் ஆளும் நாயும் மூச்சு முட்டிப் போவார்கள். அஸ்ஸாம் குடும்பத்துக்கு இதைச் சைகையிலாவது சொல்லிப் புரியவைத்துவிட்டுத்தான் பக்கெட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது. ஆரோக்கியமான குட்டிகளின் கூண்டு முதலில். பிறகு பெரிய நாய்கள். பிறகு புதிதாக வந்தவை. நோய்ப்பிரிவு கடைசி. நோய்ப்பிரிவுக்குத் தனி மாப், தனி செருப்பு, தனிப் பாத்திரம். அங்கே முடித்தவர் அன்றைக்குக் குட்டிகள் பக்கம் திரும்பக் கூடாது. வெளி நாட்டு மருந்தெல்லாம் வாங்குகிற ஷெல்டரில் ஒரே மாப் எல்லாக் கூண்டுக்கும் போவதைப் பார்த்திருக்கிறேன். பார்வோ ஒவ்வொரு கூண்டாக வண்டி ஏறிப் போகிறது, அவ்வளவுதான்.


ராஜி_ஹலசூரு எழுதியது:

டாக்டர், மிக்க நன்றி. நோய்ப்பிரிவுக்குச் சிவப்பு மாப், மற்ற கூண்டுகளுக்குப் பச்சை மாப், பாட்டிலில் கோடு எல்லாம் நாளைக்கே செய்கிற காரியம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்து எடுப்பார்.

ஊழியர்கள் தினமும் காலையில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்களேன்? நோயின் பெயர்கள் வேண்டாம், கண்ணுக்குத் தெரிவது மட்டும்.


வெட்_ஹெப்பாள் எழுதியது:

சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, மலம் எப்படி இருந்தது, வாந்தி உண்டா, எழுந்து வந்ததா. இதற்குப் படம் போட்ட ஒரு அட்டை ஒவ்வொரு கூண்டிலும் தொங்கட்டும், டிக் அடித்தால் போதும்.

கூடவே உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள், கடிக்காத நாய்களுக்கு மட்டும். நல்ல ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுத்தே இருந்தால் டாக்டருக்கு போன். பெங்களூரில் வெளுத்த ஈறு என்றால் என் மனம் முதலில் போவது உண்ணிக் காய்ச்சலுக்குத்தான். எர்லிகியா, பபீசியா இரண்டையுமே உண்ணிகள் பரப்பும். நாய் சோர்ந்து, காய்ச்சலடித்து, சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். காது மடலுக்குள், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் தேட வேண்டும். நாய் உடம்பில் இருப்பதை மட்டும் எடுத்துப் பலனில்லை, அந்த உண்ணி சுவர் வெடிப்பிலும் கூரை இடுக்கிலும் முட்டையிடும். வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். எடுத்த உண்ணியை நகத்தில் நசுக்க வேண்டாம், சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுங்கள்.

காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரை ஆசனவாயில்தான் வைக்க வேண்டும். 101 முதல் 102.5 வரை நாய்க்குச் சாதாரணம். நம் கணக்கில் பார்த்துவிட்டு 'நூத்தி ரெண்டு, காய்ச்சல்' என்று பாரசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது. பூனைக்குப் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை வாங்கும். நாய்க்கு இபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதைக் கொட்டை எழுத்தில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி மருந்து அலமாரியில் ஒட்டுங்கள்.


சுபா_எலெக்ட்ரானிக்சிட்டி எழுதியது:

இந்த இழை முழுவதும் படித்தேன். நான் இப்போதுதான் முதல்முறை ஃபாஸ்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஃப்ளாட்டில் இருக்கிறோம், வீட்டில் ஏற்கெனவே ஐந்து வயது நாய் இருக்கிறது, எல்லாத் தடுப்பூசியும் போட்டாச்சு. இரண்டு மாதக் குட்டி ஒன்றை ஒரு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஷெல்டரில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் முன்பு எப்போதும் பார்வோ வந்ததில்லை. என்னென்ன பார்க்க வேண்டும் அக்கா, டாக்டர்?


வெட்_ஹெப்பாள் எழுதியது:

சுபா, முதல் 14 நாள் குட்டி தனி அறையில். பால்கனி வேண்டாம், பாத்ரூம் ஒட்டிய அறை நல்லது. தரை கழுவ முடியும், கம்பளம் இருக்காது. பார்வோ உடம்பில் புகுந்தால் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் தெரியும், சிலதற்கு 14 வரை ஆகும். அறிகுறி தெரிவதற்கு முன்பே மலத்தில் வைரஸ் வரத் தொடங்கிவிடும். உங்கள் பெரிய நாய்க்கு ஆபத்து குறைவு. ஆனால் டிஸ்டெம்பருக்கு இந்த 14 நாளும் போதாமல் போகலாம். கண்ணிலும் மூக்கிலும் சளி, இருமல், பிறகு முகமோ காலோ தானாகத் துடிப்பது என்று ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

'ஒரு ஊசி போட்டாச்சு' என்று ஷெல்டரில் சொல்வார்கள். அதை நம்பிக் கீழே புல்வெளியில் விடாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புசக்தி உடம்பில் இருக்கும் வரை ஊசியின் வேலையை அது தடுக்கும். எந்த வாரத்தில் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஷெல்டர் குட்டிகளுக்கு 4-6 வாரத்தில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, 16 முதல் 20 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, வாந்தியோ, ரத்தம் கலந்த மலமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குட்டி உடம்பில் தண்ணீர் வற்ற ஒரு ராத்திரி போதும். ராத்திரி எந்த நம்பருக்கு போன் பண்ணுவது, எந்த கிளினிக் திறந்திருக்கும், பணம் யார் கொடுப்பது, இந்த மூன்றையும் எழுதி வாங்காமல் குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை.


பூனை_காக்ஸ்டவுன் எழுதியது:

எல்லாரும் நாய் பற்றியே பேசுகிறீர்கள், பூனைக்குட்டி ஃபாஸ்டர்களுக்கு நான் எழுதுகிறேன். தாயில்லாத குட்டிகளை வீட்டில் வளர்த்து வளர்த்து எனக்கு இதுதான் வாழ்க்கை.

கண் திறக்காத குட்டியைக் கொண்டுவந்தவுடன் எல்லாரும் செய்வது பால் கொடுப்பதுதான். பசி அழுகை கேட்டால் மனம் தாங்காது. ஆனால் குட்டி குளிர்ந்திருந்தால் பால் கொடுக்கக் கூடாது. அந்த உடம்புக்குச் செரிக்கும் சக்தி இருக்காது, வயிற்றிலேயே பால் கெட்டு நிற்கும், நுரையீரலுக்கும் போகலாம். முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அதிகம் சுட்டால் குட்டி தள்ளிப்போக மறுபாதி காலியாக இருக்கட்டும். வாய்க்குள் விரல் வைத்தால் கதகதப்பாக இருக்க வேண்டும், அப்புறம்தான் பால்.

பசும்பால் வேண்டாம், பேதியாகும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடர்தான். மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடித்துக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். தாயிடம் குடிப்பது போல் வயிறு கீழே, தலை லேசாக மேலே. ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிப்பக்கம் தடவி மூத்திரம் போக வைக்க வேண்டும். மூன்று நாலு வாரம் வரை தானாகப் போகத் தெரியாது. முதல் வாரங்களில் ராத்திரியும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழ வேண்டியிருக்கும். இது முடியாதவர்கள் இந்த வயதுக் குட்டியை எடுக்க வேண்டாம், கொஞ்சம் பெரிய குட்டிகளுக்கும் ஃபாஸ்டர் தேவைதான்.

சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம், தினமும் 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் அன்றைக்கே டாக்டர். குட்டி விளையாடிக்கொண்டுதான் இருக்கும், தராசுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பெரிய பூனைக்கு இரண்டே எச்சரிக்கை. ஆண் பூனை மணல் பெட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள். மூத்திரம் அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அடுத்தது, வீட்டில் லில்லிப் பூ வேண்டாம். மகரந்தம் ஒட்டிய முடியை நக்கினாலே சிறுநீரகம் போகும்.

ராஜி, ஒரு விண்ணப்பம். அனுபவமுள்ள ஃபாஸ்டர்களுக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதையும் பயிற்சியில் சேருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த கிளினிக்கைத் தேடி ஓடுவது?


வெட்_ஹெப்பாள் எழுதியது:

இதில் நான் உடன்படவில்லை. உங்கள் கையை நம்புகிறேன். பிரச்சினை அடுத்தவர் கை. குட்டி வாடுவதற்கு என்ன காரணம் என்று தெரியாமல் திரவம் ஏற்றினால், அப்போதைக்குக் கொஞ்சம் தெளியும், 'சரியாயிட்டு' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். கிளினிக்குக்கு வரும்போது நேரம் கடந்திருக்கும். வாட்ஸ்அப்பில் ஆன்டிபயாட்டிக் பெயர் பகிர்வதும் இப்படித்தான் தொடங்கியது.


பூனை_காக்ஸ்டவுன் எழுதியது:

டாக்டர், நீங்கள் சொல்வது கிளினிக் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். சர்ஜாபூர் தாண்டி இருப்பவருக்கு? அந்த நேரத்தில் ஆட்டோகூடக் கிடைக்காது. மருத்துவர் இந்தப் பூனைக்கு, இவ்வளவு மில்லி, இத்தனை நாள் என்று எழுதிக்கொடுத்த பிறகு அதை வீட்டில் செய்வதைத்தான் கேட்கிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைகளுக்கு அப்படிச் செய்யும் குடும்பங்கள் இருக்கிறார்களே.


வெட்_ஹெப்பாள் எழுதியது:

எழுதிக்கொடுத்த பூனைக்கு, எழுதிக்கொடுத்த அளவு, நேரில் செய்து காட்டியவருக்கு மட்டும் என்றால் சரி. பொதுப் பயிற்சியில் எல்லாருக்கும் வேண்டாம்.


கணக்கு_ஜெயநகர் எழுதியது:

கூண்டா பயிற்சியா என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. 32 என்ற எண்ணை எங்கள் கமிட்டியில் வைக்கப்போகிறேன். முன்கூட்டிய ஊசியும் கம்பூட்டும் அடுத்த மாதச் செலவில் வரும்.

ஒரு யோசனை. சூப்பர்வைசர் நிலையில் இருப்பவர்களை வெளியே அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்து, அவர்கள் வந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாமே? ஊட்டியில் வேர்ல்ட்வைடு வெட்டரினரி சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் பயிற்சி மையத்தில் கருத்தடை அறுவை சிகிச்சையும், நாய்களை மனிதாபிமானமாகப் பிடித்துக் கையாளுவதும் கற்றுத்தருகிறார்கள். இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் தூரம்தான்.


மாணிக்கம்_போச்சம்பள்ளி எழுதியது:

நல்ல யோசனை சார். ஆனா போயிட்டு வந்தவரு வெறும் சர்ட்டிபிகேட்டை மாட்டி வைக்கக் கூடாது. வலையில எப்படிப் புடிக்கிறது, புடிச்ச நாயை எப்படி இறக்கி விடுறதுன்னு நம்ம ஆளுங்க முன்னாடி செஞ்சு காட்டணும்.

ராஜி மேடம், நீங்க தமிழ்ல நடத்துனா ராய்ச்சூர் பசங்க முழிப்பாங்க. கன்னடத்துல நான் எடுக்குறேன், எனக்கு வாரத்துல செவ்வாய் கொஞ்சம் ஓயும். அஸ்ஸாம் குடும்பத்துப் பையன் ஹிந்தி பேசுவான்ல, அவனைப் பக்கத்துல உக்கார வச்சு அவங்க அம்மா அப்பாவுக்குச் சொல்லச் சொல்லலாம். அந்த அம்மாதான் குட்டிங்க கூண்டு பாக்குறாங்கன்னா அவங்களுக்குத்தான் முதல்ல புரியணும்.


ராஜி_ஹலசூரு எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணே. செவ்வாயே வைத்துக்கொள்கிறேன். முதல் அரை நாள் முழுக்க ஊழியர்களுக்கு மட்டும், சம்பளத்தோடு, கூண்டுப் பக்கத்திலேயே நின்றபடி: கடி, குழாய், நாயின் உடல்மொழி, மாப், பக்கெட், ஈறு. ஸ்லைடு கிடையாது. இரண்டாவது அரை நாள் ஃபாஸ்டர் வீடுகளுக்கு. அதிலும் கூண்டு பார்க்கும் ஒருவர் வந்து, தன் கையால் வளர்ந்த குட்டி எதைச் சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்று குடும்பத்திடம் நேரில் சொல்லட்டும். காக்ஸ்டவுன் அக்கா, பூனைப் பகுதி உங்களுடையது, தராசோடு வந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே திரும்ப நடத்தவும் கமிட்டியிடம் கேட்கப்போகிறேன், நடுவில் சேர்கிறவர்கள் விட்டுப்போகக் கூடாது.

ஊசியின் முதல் டோஸைப் பயிற்சிக்கு முன்பே போட்டுவிடலாமா, இல்லை அன்றைக்கே போடலாமா?


நர்ஸ்_லிங்கராஜபுரம் எழுதியது:

முன்பே போட்டுவிடுங்கள். பயிற்சி நாளை 7-ஆம் நாளாக வைத்தால் இரண்டாவது டோஸும் அன்றைக்கே முடியும். எல்லாருக்கும் ஒரு அட்டை போட்டு, மூன்றாவது டோஸுக்கான தேதியையும் அப்போதே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். வேலையை விட்டுப் போனாலும் அட்டை அவரோடு போகட்டும்.